போத்தலோடு கப்பல் ஏறுகிறவர்களுக்கு

மாதத்துக்கு ஒருவராவது படலையைத் திறந்துகொண்டு வருகிறார்கள். கையில் பழைய பேப்பரில் சுற்றிய போத்தல் ஒன்று இருக்கும். "அண்ணை, இதை வெளியில கொண்டுபோகலாமோ? ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ." சுற்றைப் பிரித்தால் சில நாள் பனங்கள்ளு, சில நாள் பனஞ்சாராயம், இன்னும் சில நாள் வீட்டுப் பந்தலில் காய்த்த திராட்சையில் வடித்த வைன்.

என்னிடம் வருவதற்குக் காரணம் உண்டு. கொக்குவிலில் பிறந்து, எண்பதுகளில் ஜேர்மனிக்குப் போய், எல்லாரையும்போல முதலில் கோப்பை கழுவினேன். பிறகு வைன் இறக்குமதி செய்கிற ஒரு சின்ன நிறுவனத்தின் களஞ்சியத்தில் பெட்டி தூக்கினேன். ஒருநாள் கண்காட்சி மேசையில் நிற்கவேண்டியவருக்குக் காய்ச்சல். அளவு பொருந்தாத கோட் ஒன்றை மாட்டி என்னை நிறுத்தினார்கள். ஒஸ்ரிய நாட்டு வைனை ஜேர்மன்காரருக்கு ஊற்றிக் கொடுக்கும் யாழ்ப்பாணத்தானைப் பார்க்கவே கூட்டம் வந்தது. அந்த மேசையை விட்டு நான் நகர இருபத்தைந்து வருஷம் ஆயிற்று.

வருகிற ஒவ்வொருவருக்கும் ஒன்றையே திருப்பிச் சொல்லி வாய் நோகிறது. எழுதிவிடுகிறேன்.

தொடங்குமுன் ஒன்று. இலங்கையில் மதுவுக்கு விளம்பரம் செய்ய முடியாது. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம், 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கம், அதைத் தடுக்கிறது. நல்ல சட்டம் என்பதுதான் என் எண்ணம். குடியால் சிதறிய குடும்பங்கள் என் ஒழுங்கையிலேயே இருக்கின்றன. இங்கே நான் பேசுவது வெளிச்சந்தையைப் பற்றி மட்டும்.

செய்யக்கூடாதவை

ஊர்ப்பாசத்தை நம்பி முதல் போடாதீர்கள்.

வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் போடும் கணக்கு இதுதான்: ஸ்காபரோவில் எங்கட ஆக்கள், பாரிஸ் லா சப்பலில் எங்கட ஆக்கள், லண்டன் ஈஸ்ட்ஹாமில் எங்கட ஆக்கள், ஆளுக்கு ஒரு போத்தல் என்றாலும் போதும். ஆளுக்கு ஒரு போத்தல் வாங்குவார்கள், உண்மைதான். ஜேர்மனியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பனஞ்சாராயப் போத்தல் ஒன்று கண்ணாடி அலுமாரியில் இருந்தது. ஒரு பக்கம் மகளின் பரதநாட்டியக் கேடயம், மறுபக்கம் நல்லூர்க் கோயில் படம். மூடி உடைக்கப்படவில்லை. "அப்பா குடிச்சவர், அந்த ஞாபகத்துக்கு வாங்கினது" என்றார். ஏழு வருஷம் கழித்துப் போனபோதும் அதே போத்தல் அதே இடத்தில், தூசு மட்டும் கூடியிருந்தது. அவர் நாள்தோறும் குடித்தது ஸ்கொட்லாந்து விஸ்கி. ஊர்ப்பாசம் ஒரு போத்தல் வாங்கும். இரண்டாவது போத்தலை நாக்குத்தான் வாங்கவேண்டும். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பாசமும் இல்லை. அவர்களும் ஜேர்மன் வாடிக்கையாளரும் எங்களுக்கு ஒன்றுதான்.

இரக்கத்தை லேபிளில் அச்சடிக்காதீர்கள். "போரால் பாதிக்கப்பட்ட மண்ணிலிருந்து" என்று போத்தலின் முதுகில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். வாங்குபவர் மனம் உருகி ஒன்று எடுப்பார், நன்கொடைப் பெட்டியில் காசு போட்டதுபோல. அதோடு கணக்கு முடிந்தது.

"வைன்" என்ற சொல்லைக் கண்டதற்கெல்லாம் ஒட்டாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் வைன் என்றால் திராட்சை. வேறு பழத்தில் செய்ததென்றால் அந்தப் பழத்தின் பெயரையும் சேர்த்து எழுதவேண்டும், அதுவும் அந்த நாடு இடம் கொடுத்தால். கள்ளு பழமே அல்ல, பாளையின் சாறு. "பனை வைன்" என்று அழகாக லேபிள் அடித்தால் துறைமுகத்தில் கிடக்கும். திராட்சை வைன் என்றாலும் சும்மா விடமாட்டார்கள். வி.ஐ.1 என்ற பத்திரம் கேட்பார்கள், ஆய்வுகூட அறிக்கையோடு. சல்பைற்று லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் என்றால் அதையும் லேபிளில் சொல்லவேண்டும்.

"அரக்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். லெபனான்காரருக்கு அரக் என்றால் பெருஞ்சீரகம்போல மணக்கிற, தண்ணீர் விட்டால் பால்நிறமாகும் சரக்கு. ஒல்லாந்தருக்கும் ஜேர்மன்காரருக்கும் அரக் என்றால் இந்தோனேசியாவின் பதாவியா அரக், கரும்புப் பாகில் வடிப்பது. எங்களது பனை என்று முதல் மூச்சிலேயே சொல்லிவிடவேண்டும்.

இன்னொன்றைப்போல என்று சொல்லாதீர்கள். "எங்கட கள்ளு சம்பெயின் மாதிரி" என்று ஒரு தம்பி துண்டுப்பிரசுரமே அடித்து வைத்திருந்தார். சம்பெயின்காரர் அந்தப் பெயருக்காக உலகம் முழுக்க வழக்காடுகிறவர்கள். அதைவிட, "மாதிரி" என்று சொன்ன கணமே அசலை வாங்கலாமே என்று எதிரில் நிற்பவர் நினைத்துவிடுவார்.

பச்சைக் கள்ளைப் பயணப்பெட்டியில் வைக்காதீர்கள். இதைச் சொல்ல எனக்குத்தான் தகுதி. ஒரு விடுமுறைக்கு வந்து திரும்பும்போது, என் முதலாளிக்கு ருசி காட்டவேண்டும் என்று அன்று காலை இறக்கிய கள்ளை இரண்டு சோடாப் போத்தலில் இறுக்கி மூடி, சேட்டுகளுக்கு நடுவில் வைத்தேன். பாளையில் இருந்து சொட்டும்போதே நொதிக்கத் தொடங்குகிற சாமான் அது. மூடினால் நிற்குமா? பிராங்க்பேர்ட் விமான நிலையத்தில் பெட்டி வார்ப்பட்டியில் வரும்போதே மணம் முன்னால் வந்தது. சுங்கத்தில் ஒரு பெண் அதிகாரி கையுறை போட்டு என் சேட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். கல்யாணச் சேட்டும் அதற்குள்தான். கள்ளைப் போத்தலில் அடைத்தால் சூடுகாட்டி நொதிப்பை நிறுத்தவேண்டும். அப்படிச் செய்யும்போது ருசியில் ஒரு பங்கு போய்விடும். அந்த இழப்பைக் குறைப்பதில்தான் தொழில்நுட்பம் இருக்கிறது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள், என்னிடம் வராதீர்கள்.

கண்காட்சி மேசையில் நீங்கள் விழுங்காதீர்கள். வாயில் வைத்துத் துப்பப் பழகுங்கள். ஒரு நாளைக்கு நூறு பேர் வருவார்கள்.

கலப்படக்காரரைக் காப்பாற்றாதீர்கள்.

இதைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டிச் சொல்லத்தான் வேண்டும். 1985இல் ஒஸ்ரியாவில் சில வைன்காரர், மெல்லிய வைனைத் தடிப்பாகவும் இனிப்பாகவும் காட்டுவதற்கு டைஎதிலீன் கிளைக்கோல் என்ற இரசாயனத்தைக் கலந்தது பிடிபட்டது. பெரிய வாடிக்கையாளர் ஜேர்மனிதான். ஒரே கோடையில் ஏற்றுமதி படுத்துவிட்டது. யப்பானில் சில இடங்களில் அவுஸ்திரேலிய வைனையும் தட்டிலிருந்து இறக்கினார்கள், பெயர்க் குழப்பத்தில்! கலந்தவர்கள் சிலர்தான். அடி விழுந்தது எல்லார் தலையிலும், தலைமுறையாகச் சுத்தமாகச் செய்தவர்களின் தலையிலும். அதன்பிறகுதான் அந்த நாடு கடுமையான வைன் சட்டம் கொண்டுவந்து, தரமான போத்தலின் மூடியில் சிவப்பு வெள்ளை சிவப்புப் பட்டி ஒட்டி, 1986இல் வைனை வெளியே கொண்டுசெல்லத் தனிச் சபை அமைத்தது. நான் மேசைக்கு வந்தது அந்தப் பழி ஆறாத காலத்தில். வருகிறவர் கிளாஸை வாங்கி, மூக்கருகே கொண்டுபோய், என் முகத்தைப் பார்த்து, "இதில் என்ன கலந்திருக்கிறது?" என்பார். பகிடிதான். ஒரு நாளில் இருபது தடவை கேட்டால் பகிடியாக இருக்காது.

இலங்கையில் சீனியைக் கரைத்துக் கள்ளு என்று விற்கும் வியாபாரம் எல்லாருக்கும் தெரிந்த இரகசியம். "அவன் உள்ளூருக்குத்தானே செய்யிறான்" என்று கண்ணை மூடினால், ஒரு நாள் அந்தச் சீனித் தண்ணீர் உங்கள் லேபிளுக்குப் பக்கத்தில் ஹம்பர்க்கில் இறங்கும்.

செய்ய வேண்டியவை

வாங்குகிறவரின் ஊரில் போய் இருங்கள்.

இந்தப் பாடத்துக்கு நாம் ஐரோப்பா போகவேண்டியதில்லை. கொக்குவிலும் கொண்டாவிலும் சுருட்டால் நிமிர்ந்த ஊர்கள். கொட்டிலில் கோடா மணக்கச் சுற்றிய சுருட்டு ரயிலேறித் தெற்கே போயிற்று. ஆனால் சுருட்டு மட்டும் போகவில்லை, ஆட்களும் போனார்கள். தென்னிலங்கைப் பட்டினங்களில் சுருட்டுக்கடை போட்டு, சிங்களம் பேசி, எந்தப் பக்கத்தாருக்குக் காரம் கூடவேண்டும், எவருக்கு மெல்லிசாக வேண்டும் என்று கல்லாவில் இருந்தே படித்து, கொட்டிலுக்குக் கடிதம் எழுதினார்கள். ஊரில் இருந்துகொண்டு மின்னஞ்சல் அனுப்பும் இன்றைய தம்பிமாருக்கு இது புரிகிறதில்லை. ஆறு மாதமாவது அந்த நாட்டில், அந்தப் பாஷையில், ஒரு மதுக்கடையின் கல்லாவுக்குப் பின்னால் நில்லுங்கள். சம்பளம் குறைவென்றாலும் பரவாயில்லை.

அந்தச் சுருட்டுக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. சந்தை முழுவதும் ஒரே பக்கம் இருந்தது. 1958இலும் 1983இலும் இனக்கலவரத்தில் கடைகள் எரிந்தபோது கொட்டில்களும் சேர்ந்து ஓய்ந்தன. ஜோர்ஜியா நாட்டு வைனுக்கும் இதுவே நடந்தது. 2006இல் ரஷ்யா வாசலை மூடியது, போத்தல்கள் தேங்கின. பிறகுதான் அவர்கள் மேற்கே திரும்பி, மண்ணுக்குள் புதைத்த களிமண் தாழியில் வைன் செய்யும் தங்கள் பழைய முறையை உலகுக்குக் காட்டினார்கள். 2013இல் யுனெஸ்கோ அதைப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே இரண்டு நாடாவது பிடியுங்கள்.

போத்தலின் அளவை முதலில் பாருங்கள். இலங்கையில் சாராயம் 750 மில்லிலீற்றர் போத்தலில் வருகிறது. ஐரோப்பாவிலும் பிரித்தானியாவிலும் வடித்த மதுவுக்கு 700 தான் சட்டப்படியான முழுப் போத்தல். 750 வைனுக்கு உரிய அளவு. இந்த 50 மில்லிலீற்றரில் தவறிய ஆட்களை எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு நாட்டு வாசலிலும் யார் நிற்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். நோர்வேயில் 4.7 வீதத்துக்கு மேற்பட்ட மதுவைச் சில்லறையாக விற்கும் உரிமை வின்மொனோபொலே என்ற அரசுக் கடைக்குத்தான். சுவீடனில் 3.5 வீதத்துக்கு மேல் என்றால் சிஸ்டெம்பொலாகெட். கள்ளு இந்த இரண்டு கோட்டையும் இலகுவாகத் தாண்டும். ஆகவே ஒஸ்லோவில் பத்துத் தமிழ்க் கடைக்காரரைத் தெரியும் என்பதால் ஒரு பயனும் இல்லை. நோர்வேயில் மதுவுக்கு விளம்பரமும் கூடாது. ரொறன்ரோவில் 1927இல் இருந்து எல்.சி.பி.ஓ. என்ற மாகாண அரசின் மதுச் சபையின் கை. அங்கே ஒரே ஒரு கொள்முதல் அதிகாரியை நம்பவைத்தால் மாகாணம் முழுக்கக் கதவு திறக்கும், நம்பவைக்காவிட்டால் ஒரு கதவும் இல்லை.

ஒரு சரக்கை மட்டும் கையில் எடுங்கள். ஒஸ்ரியாவில் நாற்பதளவு திராட்சை வகையில் வைன் உண்டு. வெளியே போகும்போது அவர்கள் குறூனர் வெல்ற்லினர் என்ற ஒரே வெள்ளைத் திராட்சையை முன்னே விட்டார்கள். வாயில் நுழையாத பெயர் என்று நாங்களே முணுமுணுத்தோம். 2002இல் லண்டனில் பெயரை மறைத்துச் சுவைத்துப் பார்த்தார்கள். ஜான்சிஸ் ராபின்சன், டிம் அட்கின் போன்ற பெரிய நாக்குகள் கூடியிருந்த இடம். பிரான்சின் பேர்போன பேர்கண்டி வெள்ளை வைன்களை இந்த ஒஸ்ரியப் போத்தல்கள் பின்னுக்குத் தள்ளின. அடுத்த வாரம் எங்கள் மேசைக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பெயரைச் சரியாகவே உச்சரித்தார்கள்! கள்ளு, சாராயம், ஒடியல் மா, பனங்கட்டி, பினாட்டு, நெல்லிரசம் என்று ஒரே மேசையில் பரப்பினால் அது திருவிழாக் கடை. பனஞ்சாராயம் என்றால் பனஞ்சாராயம் மட்டும்.

சாப்பாட்டைச் சேர்த்துக் கொண்டுபோங்கள். நான் முதன்முதலாக ஒரு ஜேர்மன் உணவகக்காரருக்குப் பனஞ்சாராயம் ஊற்றிக் கொடுத்தபோது, அவர் கேட்டது ஒரே கேள்வி: "இது எதோடு போகும்?" நான் சொன்ன பதில், "எல்லாத்தோடும்." கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டார். எல்லாத்தோடும் போவது தண்ணீர்தான். இரண்டு வருஷம் கழித்து, அதே ஆளுக்கு, சின்னக் கிளாஸில் இருபது மில்லிலீற்றர், பக்கத்தில் தேசிக்காய்ப் புளி விட்ட கணவாய்ப் பொரியல் மூன்று துண்டு. முதலில் கணவாய், பிறகு ஒரு மிடறு, திரும்பவும் கணவாய். அவர் பேசவில்லை. சமையல்காரரைக் கூப்பிட்டார். பனஞ்சாராயத்தில் இருக்கும் அந்தக் கருகல் மணத்துக்குக் கடலுணவின் காரம் வேண்டும் என்று எங்களூரில் தவறணைக்குப் போன எவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கோட் போட்டதும் மறந்துபோயிற்று.

படியுங்கள். லண்டனில் 1969இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.இ.ற்றி. என்ற நிறுவனத்தின் வைன், மதுப் படிப்புகள் இப்போது பல நாடுகளில் உண்டு. அதில் இரண்டாம் நிலை முடித்தாலே எதிரில் நிற்பவர் பேசும் சொற்கள் விளங்கும். சோனல் ஹாலண்ட் என்ற பெண் 2016இல் இந்தியாவின் முதல் "மாஸ்டர் ஒஃப் வைன்" ஆனார். கொள்முதல் மேசைகளில் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். கிளாஸை எப்போதும் பக்கத்தில் நிற்கும் ஆணிடமே நீட்டும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

மரம் ஏறுகிறவரின் கணக்கில் இருந்து தொடங்குங்கள்.

இருபது அடிக் கொள்கலன் ஒன்றில் பத்தாயிரத்துக்கு மேல் போத்தல் பிடிக்கும். "மாதம் ஒரு கொள்கலன் தருவோம்" என்று வாக்குக் கொடுக்குமுன், விரல் விட்டு எண்ணுங்கள். சீவல் தொழிலாளி ஒருவர் தளநாரைக் காலில் மாட்டி, காலையும் மாலையும் ஒரே மரத்தில் ஏறி, பாளையைச் சீவி, முட்டியை மாற்றவேண்டும். மாரி பிடித்தால் பனை ஓய்ந்துவிடும். வடலி பாளை தள்ளப் பதினைந்து வருஷமாவது செல்லும். போர்க்காலத்தில் பங்கருக்கு வெட்டிய பனைகள் எத்தனை என்று நம்மில் எவரும் எண்ணவில்லை. ஏறுகிறவர்களின் பிள்ளைகள் ஏற விரும்பவில்லை, அதில் பிழையும் இல்லை. இந்த ஊரில் பனையோலைப் பிளாவில் வாங்கிக் குடித்தவனுக்கு இருந்த மரியாதை, அந்தக் கள்ளை இறக்கியவனுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. படலைக்கு வெளியே நிறுத்தித்தான் வாங்கினோம். இப்போது அவரின் படத்தைப் போத்தலில் போட்டு "பாரம்பரியம்" என்று எழுதுகிறோம். படம் போடுவதற்கு முன் அவருக்குக் காப்புறுதி எடுங்கள், லீற்றருக்கு என்ன கொடுக்கிறோம் என்பதை வாங்குபவருக்குச் சொல்லக்கூடிய நிலையில் வையுங்கள். ஐரோப்பாவில் அதைக் கேட்கிறார்கள். கேட்காவிட்டாலும் கொடுக்கவேண்டியதுதான்.

பெயரைச் சட்டத்தால் கட்டுங்கள். இலங்கைக் கறுவா 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டைப் பெற்றது, இலங்கைப் பொருள் ஒன்றுக்கு அங்கே கிடைத்த முதல் குறியீடு அது. தேயிலைக்குச் சிங்க முத்திரை. பனைக்கு 1978இல் இருந்து ஒரு அபிவிருத்திச் சபை இருக்கிறது, திக்கத்தில் வடிசாலை இருக்கிறது, கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்துப் பனஞ்சாராயத்துக்கு அப்படி ஒரு குறியீடு கேட்டு அவர்கள் ஒரே மேசையில் இருக்கவேண்டும். தனி ஆளாக நீங்களோ நானோ செய்யக்கூடிய வேலை இது இல்லை. அவர்களை விடாமல் தொந்தரவு செய்வது நம்மால் முடியும்.

திராட்சைக்காரருக்குத் தனியாக ஒரு சொல். இங்கே கொடிக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது. கவ்வாத்துப் பண்ணினால் ஒரே வருஷத்தில் இரண்டு தடவையும் காய்க்கும். அது சாப்பிடும் பழத்துக்கு வரம், வைனுக்கு அவ்வளவு வரமில்லை. அளவால் ஐரோப்பியரோடு மோதவே வேண்டாம். தோலகட்டியைப் பாருங்கள். 1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைத் தாசர் சபைத் துறவிகள், பேச்சைக் குறைத்துச் செபத்தில் வாழ்கிறவர்கள், தங்கள் வைனையும் நெல்லிரசத்தையும் பற்றிக் கூவியதே இல்லை. ஆனாலும் ஊருக்கு வந்து திரும்புகிறவர்களின் பையில் அந்தப் போத்தல் ஏறிவிடுகிறது. சுவிஸ்காரர் தங்கள் வைனில் ஏறக்குறைய எல்லாவற்றையும் தாங்களே குடித்துத் தீர்க்கிறார்கள், வெளியே போவது ஒன்றிரண்டு வீதம். வருகிறவரிடம் விற்பதும் ஏற்றுமதிதான்.

போன மாதம் வந்த தம்பியின் போத்தல் இன்னும் என் மேசையில் இருக்கிறது. சாராயம் நல்லாய்த்தான் இருக்கு. நான் ருசி பார்த்து, கணவாயோடும் பார்த்தேன். லேபிளில் 750 என்று போட்டிருக்கிறீர். வந்து எடுத்துக்கொண்டு போம், 700 ஆக்கிக்கொண்டு வாரும்.